கஜாவுக்கு அப்புறம் எங்கள் தெருவில் புரட்டாசிதோறும் செய்யும் வேலைகள்

வேதாரண்யத்துக்கு மேற்கே மணல் மேட்டில் இருக்கிறது எங்கள் ஊர். தெருவில் 41 வீடுகள். பாதி ஓட்டு வீடு, ஏழெட்டு கீற்று வீடு, மீதி தளம் போட்டவை. 2018 நவம்பர் 15, வியாழக்கிழமை பொழுது சாயும்போது எங்கள் கொல்லையில் 136 தென்னை நின்றது. அன்று ராத்திரி கஜா புயல் அடித்து, மறுநாள் விடிந்து பார்த்தபோது 9 நின்றது. எல்லாமே என் மாமனார் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த மரங்கள்.

அந்தப் புயலுக்கு நாங்கள் செய்துவைத்தது கொஞ்சம், செய்யாமல் விட்டது நிறைய. அதன்பிறகு ஒவ்வொரு புரட்டாசியிலும் மகளிர் குழுப் பெண்களும் தெரு ஆட்களும் மாரியம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்து, அப்போது எதில் தவறினோம் என்று பேசிப் பேசியே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறோம். கடலோரத்தில் குடியிருக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்றடித்தது ஐந்தாறு மணி நேரம். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது 23ஆம் நாள். நாங்கள் காற்றை மட்டும்தான் நினைத்துத் தயாராகியிருந்தோம், அதற்குப் பிந்திய நாட்களை நினைக்கவேயில்லை. அதனால் அந்த நாட்களைப் பற்றித்தான் இதில் அதிகம் இருக்கும்.

செய்தியைக் கேட்கும் விதம்

கஜா வரும்போது, கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நீளக் கரையில் நம் ஊரா அகப்படப்போகிறது என்று எல்லோரும் நினைத்தோம். வியாழக்கிழமை பகலில் எங்கள் பக்கம் பெரிய மழைகூட இல்லை. சாயங்காலம் பிள்ளைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே, நள்ளிரவு தாண்டிக் கரை ஏறியது.

ஆகவே எங்கள் தெருவில் இப்போது ஒரே கணக்குதான்: சொல்லுகிற கரைக்குள் நம் ஊர் இருந்தால் புயல் நமக்குத்தான் வருகிறது. வேறு பக்கம் திரும்பினால் சந்தோஷம். கட்டிய கயிற்றை அவிழ்க்க அரை நாள் போதும்.

காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் அது புயல், பெயரும் அப்போதுதான் வைப்பார்கள். 89ஐத் தொட்டால் தீவிரப் புயல், 118க்கு மேல் போனால் அதி தீவிரப் புயல். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. 3, 4 துறைமுகத்துக்கே மோசமான வானிலை. 5 முதல் 7 வரை அபாயம், 8, 9, 10 பெரும் அபாயம். ஒவ்வொரு எண் கூடும்போதும் காற்றும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள், எல்லா எண்ணுக்கும் அப்படி இல்லை. 8க்கும் 9க்கும் வித்தியாசம், புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதுதான். 10 என்றால் துறைமுகத்தின் மேலேயோ ரொம்பக் கிட்டவோ கடக்கிறது. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று என்று அர்த்தம். எட்டு ஏறிவிட்டால் அதற்குமேல் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, கையில் இருக்கிற வேலையை முடிக்க வேண்டும்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. இந்த இரண்டையும் கோயில் சுவரில் பெயிண்டில் எழுதிவைத்திருக்கிறோம். செல்போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் தீர்ந்ததும் எண்ணும் போய்விடும்.

புரட்டாசிக் கூட்டம்

கூட்டத்தில் முதல் வேலை, ஒரு நோட்டில் வீடு வீடாக எழுதுவது. எத்தனை பேர், எந்தக் கூரை, நடக்க முடியாத பெரியவர் உண்டா, கைக்குழந்தை உண்டா, யாருக்கு என்ன மாத்திரை, யாருக்கு ஐப்பசி கார்த்திகையில் பிரசவம். கஜா ராத்திரி பக்கத்துத் தெருப் பெண் ஒருத்திக்கு வலி எடுத்துவிட்டது. ரோடு முழுக்க மரம். நாலு பேர் கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு, விழுந்த மரங்களை ஏறி ஏறிக் கடந்து மெயின் ரோடு வரை போனார்கள். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். ஆனாலும் அந்த நிலைமை இன்னொருத்திக்கு வரக் கூடாது. பிரசவத்துக்கு இரண்டு வாரத்துக்குள் நாள் குறித்திருந்தால், எச்சரிக்கை வந்த அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுகிறோம்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. கரண்ட் போனால் ஃபிரிட்ஜ் வெறும் பெட்டிதான். ஒரு பெரிய மண்சட்டியில் ஈர மணல் பரப்பி, அதற்குள் சின்ன மண்பானையை வைத்து, மருந்தை நனையாமல் பையில் கட்டி உள்ளே போட்டு மூடிவிடுங்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். என் மாமியாருக்கு 23 நாளும் இப்படித்தான் வைத்தோம்.

பாதுகாப்பு மையத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகச் சொன்னால் பெரியவர்கள் மறுப்பார்கள். பிடிவாதம் என்று அதட்டி ஒரு பயனும் இல்லை. எதை விட்டுவிட்டுப் போகப் பயப்படுகிறார்கள் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் ஆடு, இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிற இரண்டு பவுன். நகையைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னால் போதும். ஆட்டுக்கு, ரைஸ்மில் களத்துச் சுவரோரம் ஒரு இடம் பேசிவைத்திருக்கிறோம். ஆடு எங்கே நிற்கும் என்று தெரிந்தபிறகு அவர்கள் தாமாகவே கிளம்பிவிடுகிறார்கள். ஒன்று மட்டும் கண்டிப்பு: இருட்டுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

வீடும் கொல்லையும்

கீற்றுக் கூரைக்குப் பழைய மீன்வலை மாதிரி வேறு எதுவும் கிடையாது. மீனவர்கள் இருக்கிற ஆறுகாட்டுத்துறைப் பக்கம் கேட்டால் கிழிந்த வலை கிடைக்கும். கூரை முழுவதும் விரித்து, ஓரங்களில் மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட வேண்டும். ஓட்டு வீட்டுக்கு முகட்டின் குறுக்கே நைலான் கயிற்றை இரண்டு மூன்று இடத்தில் போட்டு, இரண்டு பக்கமும் முளை அடித்து இறுக்க வேண்டும். கதவும் ஜன்னலும்தான் முக்கியம். காற்று ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால் கூரையை உள்ளிருந்தே தூக்கிவிடும். கதவுக்கு உலக்கையை முட்டுக் கொடுத்து, கீழே ஆட்டுக்கல்லை நகர்த்திவைத்தோம், தாங்கியது.

ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாவற்றையும் பாலிதீன் பையில் சுற்றி எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடிவிடுங்கள். இதற்கெல்லாம் முன்னால் போனை எடுத்து வீட்டை நாலு பக்கமும், கொல்லையை மூலைக்கு மூலையும், மாட்டையும் படம் எடுத்து, வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். கணக்கெடுக்க வரும்போது, இங்கே கொட்டகை இருந்தது என்று வாயால் சொல்வதற்கும் படத்தில் காட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

தென்னைக்கு, புயலுக்கு மூன்று நாள் முன்பே முற்றிய காய்களைப் பறித்துவிட வேண்டும். அடிமட்டை பழுத்துத் தொங்குகிறதை வெட்டிவிட வேண்டும். தலைக்கனம் குறைந்தால் காற்றுக்கு மரம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதற்காகப் பச்சை மட்டையை எல்லாம் கழித்து மொட்டையடிக்கக் கூடாது. எங்களுக்கு மிஞ்சிய 9 மரத்தில் 6, அந்த வாரம் காய் பறித்து முடித்திருந்த வரிசை. மீதி வரிசையைத் திங்கட்கிழமை பறிக்கலாம் என்று தள்ளிப்போட்டிருந்தோம்.

படகு வைத்திருக்கும் சனங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. ஆனால் என் தம்பி மாமனார் வீட்டில் கண்டது: பத்திரம் என்று நெருக்கி நெருக்கிக் கட்டிய ஃபைபர் படகுகள் ஒன்றோடொன்று மோதித்தான் உடைந்தன. இஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு, படகை டிராக்டர் வைத்து இழுத்து, இடைவெளி விட்டுக் கட்டியவர்களுக்குச் சேதம் குறைவு.

காற்று திரும்பி வரும்

என் மாமியாருக்கு 1952 புயல் நினைவிருக்கிறது, அப்போது 12 வயதாம். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் கிடையாது, அம்பத்திரண்டு என்றால் எல்லோருக்கும் தெரியும். கஜா ராத்திரி வடக்கிலிருந்து அடித்த காற்று ஒன்றரை மணி வாக்கில் சட்டென்று நின்றது. அதுவரை ஓடு ஒவ்வொன்றாகப் பறந்து சுவரில் விழுகிற சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. இப்போது தவளைச் சத்தம்கூடக் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் "போயிடுச்சு, போயிடுச்சு" என்று வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

மாமியார் கட்டிலை விட்டு எழுந்திருக்கவேயில்லை. "இன்னும் பாதிதான் போயிருக்கு. தெக்க இருந்து வரும், உள்ள போங்க" என்று கத்தினார்கள். புயல் சக்கரம் மாதிரி சுற்றிக்கொண்டு வருகிறது. அதன் நடுப்பகுதி நம் தலைக்கு மேலே வரும்போது காற்று அடங்கும். அது தாண்டியதும் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். வடகாற்றில் ஆடி வேர் தளர்ந்த மரத்தை இரண்டாவது காற்று தள்ளிவிடும்.

அந்த இடைவேளையில் என் வீட்டுக்காரர் மட்டும் மாமியார் பேச்சைக் கேட்காமல் கொட்டகைக்கு ஓடினார். மகன் டார்ச் பிடித்தான். செவலையையும் கன்றையும் அவிழ்த்துவிட்டார். மயிலையின் கயிறு மழையில் ஊறி முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் நோண்டிப் பார்த்தார், பல்லால் கடித்து இழுத்தார். அரிவாள் வீட்டுக்குள் எங்கேயோ. மாடு அவர் கையை நக்கிக்கொண்டே நின்றதாம். அதற்குள் தெற்கே உறுமல் கேட்டுவிட்டது. மகனை இழுத்துக்கொண்டு ஓடிவந்து கதவைச் சாத்தியதும் கொட்டகை மேல் தென்னை விழுந்தது. இன்றைக்கும் அவர் அந்தப் பக்கம் மாடு கட்டுவதில்லை.

ஆகவே மாட்டைப் பொழுதோடு அவிழ்த்துவிடுங்கள். மரமும் கரண்ட் கம்பியும் இல்லாத மேட்டுத் திடலில் விட்டுவிட்டால், அது தனக்குத் தோதான இடத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். செவலையும் கன்றும் மறுநாள் மதியம் தானாகவே வீட்டுக்கு வந்தன. மனிதர்கள் அந்த அமைதியில் வெளியே போகவே கூடாது. அது பத்து நிமிஷமும் இருக்கலாம், அரை மணியும் இருக்கலாம். அரிவாளும் டார்ச்சும் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்க வேண்டும்.

விடிந்த பிறகு

செருப்புப் போடாமல் வெளியே இறங்காதீர்கள். ஓட்டுச் சில்லும் தகரமும் ஆணியும் எங்கே பார்த்தாலும் கிடக்கும். அறுந்து கிடக்கிற கம்பி எதையும் கரண்ட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஊரில் கரண்ட் இல்லையே என்று தொடக் கூடாது, யாராவது ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் அந்தக் கம்பியில் ஓடும். பாம்பும் காய்ந்த இடம் தேடி வீட்டுக்குள்தான் வரும். துணி மூட்டையையும் விறகையும் கம்பால் தட்டிவிட்டு எடுங்கள்.

ரோட்டை அரசாங்கம் வந்து திறக்கும் என்று காத்திருந்தால் நாள் ஆகும். அவர்களுக்கும் மரத்தை வெட்டி வெட்டித்தான் வர வேண்டும், ஆயிரம் ஊர் இருக்கிறது. எங்கள் தெருவில் மரம் அறுக்கிற மெஷின் ஒன்று இருந்தது. ஆனால் பெட்ரோல் இல்லை. அரிவாளும் கோடாலியும் வைத்து மெயின் ரோடு வரை வழி பண்ண இரண்டு நாள் ஆயிற்று. இப்போது எச்சரிக்கை வந்ததும் மெஷினுக்கென்று 5 லிட்டர் பெட்ரோல் தெருக் காசில் வாங்கி, அடுப்புக்குத் தள்ளி, பூட்டிவைக்கிறோம்.

தண்ணீர்தான் எங்களை ரொம்ப வாட்டியது. எங்கள் பக்கம் குடிதண்ணீர் கொள்ளிடத்திலிருந்து குழாயில் வருகிறது. கரண்ட் இல்லையென்றால் அதுவும் இல்லை, மேல்நிலைத் தொட்டியும் இல்லை. குளத்தங்கரையில் ஒரு அடிபம்பு உண்டு. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு அதை யாரும் சீந்தவில்லை. மூன்றாம் நாள் அடித்துப் பார்த்தால் காற்றுதான் வந்தது. உள்ளே வாஷர் போயிருந்தது. ஒரு வாஷருக்காக இரண்டு பையன்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய், மூடிக் கிடந்த கடையைத் திறக்கச் சொல்லி வாங்கிவந்தார்கள். அன்றைக்கு அந்தப் பம்பிலிருந்து தண்ணீர் வந்தபோது சுற்றி நின்ற பெண்கள் அழுததை நான் மறக்கவே மாட்டேன்.

இப்போது புரட்டாசிக் கூட்டம் முடிந்ததும் எல்லோரும் நேராகப் பம்புக்குத்தான் போகிறோம். வாஷரை மாற்றி, இரண்டு வாஷர் கூடுதலாகக் கோயில் அறையில் வைத்து, குடம் நிறைய அடித்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு. எச்சரிக்கை வந்த அன்று மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, வால்வை மூடச் சொல்லி ஆபரேட்டர் அண்ணனிடம் பேசிவைத்திருக்கிறோம். வாடகை ஜெனரேட்டருக்கு வீட்டுக்கு 100 ரூபாய் வீதம் சீட்டு மாதிரி எடுத்துவைக்கிறோம். எந்தத் தண்ணீரானாலும் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். அதற்குக் காய்ந்த விறகு வேண்டுமே! ஒரு கட்டு விறகைத் தார்ப்பாயில் சுற்றிப் பரண் மேல் போட்டுவையுங்கள்.

சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டாதீர்கள். யார் வீட்டில் அரிசி நனையவில்லையோ அதை எடுத்து, ஒரே இடத்தில் பொங்குவதுதான் நல்லது. நாங்கள் பள்ளிக்கூட வராந்தாவில் 12 நாள் பொங்கினோம். முதல் இரண்டு நாள், முன்கூட்டியே கிளறிவைத்த புளிச்சோறு. அப்புறம் ரேஷன் அரிசிச் சோறும், விழுந்த தேங்காயை அரைத்த துவையலும். நம் கையால் வைத்த மரத்தின் காயை அப்படி அரைப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பிள்ளைகூடப் பசியோடு படுக்கவில்லை. சேர்ந்து சமைத்ததில் இன்னொரு நன்மை, யார் சாப்பிட வரவில்லை என்று உடனே தெரிந்துவிடும். ஒரு பெரியவர் காய்ச்சலில் கிடந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

நிவாரண வண்டி மெயின் ரோட்டோடு நின்றுவிடும். உள்ளே இருக்கிற தெருக்களுக்கு வந்து சேராது. எங்களுக்கு ஐந்தாம் நாள்தான் புத்தி வந்தது. வீட்டு நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் ரோட்டில் முறைபோட்டு நின்றோம். "41 வீடு, 11 கைக்குழந்தை, கூரை இல்லாதது 26 வீடு" என்று கணக்கைக் காட்டியதும், கொண்டுவந்தவர்கள் தெருவுக்குள்ளேயே வந்து கொடுத்தார்கள். வெளியூரிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய துணி வேண்டாம். தார்ப்பாய், நைலான் கயிறு, மெழுகுவத்தி, கொசுவத்தி, பால் பவுடர், பெண்களுக்கு நாப்கின். இதைத்தான் நாங்கள் தேடித் தேடி அலைந்தோம்.

விழுந்த மரத்தை உடனே வெட்டிவிடாதீர்கள். வழியை மறிப்பதை மட்டும் வெட்டலாம். கிராம நிர்வாக அலுவலர் எண்ணி எழுதும் வரை மற்றது அப்படியே கிடக்கட்டும், நீங்களும் படம் எடுத்து வையுங்கள். கஜாவுக்குத் தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் அறிவித்தார்கள். எண்ணி முடித்ததும் தாமதிக்காமல் அகற்ற வேண்டும். அழுகும் மரத்தில் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் பெருகி, பிழைத்து நிற்கிற மரத்தையும் அடுத்து வைக்கிற கன்றையும் தின்றுவிடும். அடுத்த கொல்லையில் ஒரு வருஷம் அப்படியே போட்டுவைத்திருந்தார்கள். எங்கள் 9 மரத்தில் இரண்டு அந்த வண்டுக்குப் போயிற்று. சாய்ந்த இளங்கன்றை மட்டும் நிமிர்த்திப் பார்க்கலாம். நாங்கள் மூன்றை நிமிர்த்தி, மண் அணைத்து, மூங்கில் முட்டு கொடுத்தோம். இரண்டு பிழைத்தது.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எதிர்வீட்டுச் சின்னவளுக்கு அப்போது 6 வயது. அதற்கப்புறம் ரொம்ப நாள், காற்றில் தகரம் சடசடத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். புரட்டாசிக் கூட்டத்தில் கூரை எண்ணிக்கை எழுதும் வேலையை அவளிடம் கொடுத்தோம். இப்போது அந்த நோட்டு அவள் பொறுப்பு. எந்த வீட்டில் எந்தப் பாட்டிக்கு என்ன மாத்திரை என்று பார்க்காமலே சொல்லுவாள்.

இந்த வருஷம் பம்புக்கு வாஷர் மாற்றியாகிவிட்டது. வலை மூன்று வீட்டுக்குப் போதவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆறுகாட்டுத்துறைக்கு ஆள் போகிறது. மேலத்தெருவில் ஒரு பெண்ணுக்குக் கார்த்திகை 10ஆம் தேதி நாள் குறித்திருக்கிறார்கள். அவள் பெயரை நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறோம்.